இந்த வருடம் குளிர் அதிகம்

மலைமேல் இருக்கும் கம்போங் ராஜாவில் நான் கணினி பழுது பார்க்கும் கடை வைத்துப் பதினேழு வருடமாகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதலில் சொல்வது ஒரே பொய்தான். "நான் ஒன்னும் செய்யலண்ணே, அதுவா நின்னு போச்சு." திறந்து பார்த்தால் உள்ளே மைலோ பானம் கொட்டியிருக்கும், இல்லாவிட்டால் பல்லி செத்துக் கிடக்கும். இயந்திரம் பொய் சொல்லாது. அதனால்தான் எனக்கு இந்தத் தொழில் பிடித்திருக்கிறது. மனிதர்களோடு அவ்வளவாக ஒத்துப்போகாத ஆள் நான். என் மனைவி குமுதா இதைக் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அகஸ்டின் அண்ணன் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. போன அக்டோபர் முதல் வாரம், ஒரு பழைய கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"சுவிட்சைத் தொறந்தா நின்னுடுது தம்பி."

"எப்படி நிக்குது?"

"ஒரு நாள் நீலமா வருது. ஒரு நாள் பாதியில அணைஞ்சிடுது. ஒரு நாள் நல்லா வந்துட்டு, அஞ்சு நிமிஷத்துல அப்படியே நிக்குது."

"அவசரமா வேணுமா?"

"இல்ல. ஓடலைன்னாலும் பரவால்ல லா" என்றார்.

பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, சரியாகாவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "இந்த வருஷம் குளிர் அதிகம்" என்றார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. என் கடைச் சுவரில் குளிர் காட்டும் கருவி தொங்குகிறது, தினமும் பார்க்கிறேன். எல்லா வருடமும் இருக்கிற குளிர்தான் இந்த வருடமும். ஆனால் அவர் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், பதிலுக்கு நிற்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டிக்கொண்டது எல்லாம் ஒரே எஸ்டேட்டில். பதினாறு வயதில் தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கப் போனவர், இப்போது தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற பகுதிக்கு மண்டோர். பத்துப் பேரை மேய்க்கிற வேலை. அந்த இடத்தில் நாள் முழுக்க ஒரு பழுப்புப் பஞ்சு பறக்கும். தேயிலைக் காம்பு உரசி உதிர்கிற நார் அது. மூக்கு, காது, தலைமுடி, சட்டை எதையும் விடாது. பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய ஒரு தடித்த நீலக் குளிர்ச்சட்டையைத்தான் எப்போதும் போட்டிருப்பார். அதன் நீலம் எந்த நீலம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, அவ்வளவு பஞ்சு.

முதல் நாள் பெட்டியின் மூடியைக் கழற்றியபோது அதற்குள்ளும் அதே பஞ்சுதான். ஒரு கைப்பிடி அள்ளினேன். ஈரத்தில் ஊறிய தேயிலை வாசனை கடை முழுக்க அடித்தது. தொழிற்சாலையைப் பாதி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று குமுதாவிடம் சொல்லிச் சிரித்தேன். எல்லாவற்றையும் துடைத்து, நினைவகச் சில்லைக் கழற்றி, அதன் பற்களைத் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். அன்று மட்டும் முப்பது தடவை சுவிட்சைப் போட்டுத் திறந்து, அணைத்து மூடினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அன்று மத்தியானம் எஸ்டேட்டிலிருந்து சோஃபியா தொலைபேசியில் கூப்பிட்டாள். அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, அங்கிருக்கும் சின்னக் கோயிலில் பாட்டும் வாசகமும் அவள் பொறுப்பு.

"மகேன் அண்ணே, அகஸ்டின் மாமா பெட்டி உங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா. ஏன்?"

"கல்லறைத் திருநாள் பட்டியல் அதுலதான் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள வேணும்ணே."

நான் கோயில் குளம் என்று அதிகம் போகிறவன் இல்லை, அதிலும் இது மாதா கோயில் விஷயம். அவள்தான் விளக்கிச் சொன்னாள். நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களுக்காகப் பூசை வைப்பார்கள். அந்த எஸ்டேட்டில் இருந்து செத்துப்போனவர்கள் எல்லாருடைய பெயரையும், எந்த லைன் வீட்டில் இருந்தார்கள் என்பதோடு சேர்த்து, அன்று உரக்க வாசிப்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அந்தப் பட்டியலைப் பதினாலு வருடமாகக் கணினியில் அடித்து வைத்திருந்தவர் அகஸ்டின் அண்ணனின் மனைவி லூர்தம்மாள். ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர், கொட்டகையை மூடிய பிறகு மகன் எல்வின் வாங்கிக் கொடுத்த பெட்டியில் தானாகவே தட்டச்சுப் பழகிக்கொண்டாராம்.

"இந்த வருஷம் ஒரு பேர் புதுசாச் சேரணும்" என்றாள் சோஃபியா.

"யாரு?"

"லூர்து அத்தைதான்."

மார்ச் மாதம் நடந்திருக்கிறது. காலையில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், மறுநாள் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே அகஸ்டின் அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். எஸ்டேட் துரையே வந்து லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லியும் கேட்கவில்லை. ஜொகூரில் வேலை பார்க்கும் எல்வின் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுப் போனான். அவர் அழுதாரா என்று சோஃபியாவைக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை என்றாள். கால் மரத்துப் போனால் ஊன்றி நடக்கத்தான் முடியும், தரை இருப்பது தெரியாது. அந்த ஏழு மாதமும் அவர் அப்படித்தான் நடந்திருக்கிறார். வேலைக்குப் போனார், வந்தார், சோறு பொங்கினார், தூங்கினார். யார் என்ன கேட்டாலும் கடைசியில் சொன்னது ஒன்றுதான், இந்த வருடம் குளிர் அதிகம் என்று.

மறுநாள் பெட்டியை எடுக்க வந்தவரிடம் நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பேசினேன்.

"அண்ணே, பட்டியலைத் தனியா எடுத்து வச்சிருக்கேன். அக்கா பேரைச் சேர்த்து இங்கயே அச்செடுத்துடவா? ரெண்டு நிமிஷ வேலை."

"வேணாம் தம்பி. அவ பெட்டியில வீட்டுல வச்சு நான்தான் அடிக்கணும். பெட்டி சரியாகட்டும்."

"பெட்டி சரியாயிடுச்சு."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி" என்று தூக்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் திரும்ப வந்தார். மறுபடியும் நிற்கிறதாம். இந்தத் தடவை மின்சாரம் கொடுக்கும் பகுதியை மாற்றினேன். நினைவகச் சில்லையும் புதிதாகப் போட்டேன். என்றைக்கெல்லாம் நின்றது என்று பார்க்க, கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்கிற பதிவைத் திறந்தேன். ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் நாள், நேரத்தோடு அதில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் எல்வின் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டதிலிருந்து பதிவு முழுசாக இருந்தது. சாயங்காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பதிவுகள். அவை போக, லூர்தம்மாள் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தவிர்த்துத் தினமும் காலை நாலு ஐம்பதுக்குத் திறந்து ஐந்தேகாலுக்கு மூடியிருக்கிறது.

"அக்கா விடியக்காலையில எந்திரிச்சு டைப் அடிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"காலைலயா? இல்லையே. அவ சாயங்காலந்தான் உக்காருவா."

அப்படியானால் கடிகாரம் தப்பு என்று முடிவு செய்தேன். உள்ளே இருக்கும் சின்ன மின்கலம் தீர்ந்தால் இந்த மாதிரி நேரம் குழம்பும். மின்கலத்தைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. கடிகாரமும் சரியாகவே ஓடியது. எனக்குப் புரியவில்லை, ஆனால் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டேன். கடையில் பெட்டி இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. கொண்டுபோனார். ஐந்தாம் நாள் திரும்ப வந்தது.

அப்போதுதான் அவரைச் சரியாகக் கவனித்தேன். "மறுபடியும் நின்னுடுச்சு" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பெட்டி ஓடாதவரைக்கும் அந்தப் பெயரை அடிக்க வேண்டாம். அடிக்காதவரைக்கும் அவர் மனைவி அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரோடு சேரவில்லை. இதைப் புரிந்துகொண்டபோது எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். நான் இரண்டு தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன், இவர் வேண்டுமென்றே ஏதோ செய்கிறார் என்று தோன்றியது. சோஃபியா வேறு தினமும் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தத் தடவை நானே கொண்டாந்து வீட்டுல மாட்டுறேன்ணே" என்றேன். "அங்க என்ன நடக்குதுன்னு பார்க்கணும்."

முப்பதாம் தேதி சாயங்காலம் என் வேனில் போனேன். எஸ்டேட் பாதையில் பனி இறங்கிக் கொண்டிருந்தது. மூன்றாவது லைனில் கடைசி வீடு, பக்கத்து வீட்டில் அவர் விட்டுப்போயிருந்த சாவியை வாங்கி உள்ளே போனேன். முன் அறையில் ஒரு மேசை, அதன் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலி, சுவரில் மாதா படம், அதன் கீழே லூர்தம்மாளின் படம். நான் பெட்டியை வழக்கமான இடத்தில், அந்த முக்காலியில் வைத்து மாட்டினேன். சிரமமில்லாமல் திறந்தது. மூடினேன், திறந்தேன். ஒரு குறையும் இல்லை.

நாலே முக்காலுக்கு அகஸ்டின் அண்ணன் வேலை முடிந்து வந்தார். "வந்துட்டீங்களா தம்பி, தே குடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நீலக் குளிர்ச்சட்டையைக் கழற்றினார். பனியில் நனைந்து தோளெல்லாம் ஈரமாக இருந்தது. இரண்டு தடவை உதறினார். பஞ்சு பறந்தது. பிறகு சட்டையை விரித்து, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் மேல், காற்றுப் போகிற துளைகளெல்லாம் மூடுகிற மாதிரி, அழகாகப் போர்த்திவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் இதைச் செய்ததாகவே அவருக்குத் தெரியவில்லை, செருப்பைக் கழற்றுகிற மாதிரிதான் செய்தார்.

"அண்ணே, இங்க வாங்க."

வந்தார்.

"தினமும் இதுமேலயா போடுவீங்க?"

"ஆமா. இருபது வருஷமா அந்த ஸ்டூல்லதான் போடுறேன். பெட்டி வந்த பிறகு பெட்டி மேல. ஏன்?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஈரச் சட்டை, அதில் ஒரு கிலோ பஞ்சு, அதற்குள் மின்சாரம், மூன்று தடவை நான் பட்ட பாடு, எல்லாவற்றையும் கொட்டினேன். கோழி கூவும் நேரத்துக் குளிரில் அந்த ஈரம் உள்ளே இறங்கிச் சில்லின் பற்களில் நிற்கும், அதனால்தான் திறந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நின்றுபோகிறது, இந்த மாதிரி முட்டாள்தனத்தை நான் பதினேழு வருடத்தில் பார்த்ததில்லை என்று சொன்னேன். கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"சரி தம்பி. ஆனா அவ இருந்தப்பவும் இங்கதானே போட்டேன். அப்ப ஒரு நாளும் நின்னதில்லையே."

நியாயமான கேள்வி. "அங்க போட்டா சட்டை காயும்னு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டேன்.

"காயும் தம்பி. காலையில எடுத்துப் போட்டா சூடா இருக்கும். இந்தப் பெட்டி அப்படி, ஐஸ்பெட்டிக்குப் பின்னால சூடா இருக்கும்ல, அந்த மாதிரி. இந்த வருஷந்தான் காயவே மாட்டேங்குது. குளிர் அதிகம்."

அணைத்து வைத்த பெட்டி எப்படிச் சூடாக இருக்கும்? நான் வாயைத் திறந்தேன், அப்போதுதான் எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்தது. நாலு ஐம்பது.

"காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாலே முக்கால். பின்னால போய்க் குளிச்சிட்டு, குசினியில ரேடியோ கேட்டுக்கிட்டே கோப்பி குடிப்பேன். அஞ்சே காலுக்குச் சட்டையை மாட்டிக்கிட்டு வெளியாயிடுவேன்."

"நீங்க குளிக்கும்போது அக்கா?"

"கோப்பி கலப்பா. சட்டையை அவதான் எடுத்துத் தருவா."

நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பதிவைத் திறந்தேன். அவரையும் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பட்டியல், ஜெபம், எல்வினுக்கு எழுதிய கடிதம் என்று அந்தப் பெட்டியில் இருந்த எல்லாமே சாயங்காலத்தில் அடித்தவை. காலையில் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. லூர்தம்மாள் திரையைப் போட்டிருக்கவும் மாட்டார், போட்டிருந்தால் வெளிச்சம் சமையலறைவரை தெரிந்திருக்கும். பெட்டியை மட்டும் திறந்துவிட்டு, சட்டை சூடானதும் மூடியிருக்கிறார். அந்த அரை மணிச் சூட்டில் உள்ளே இருந்த ஈரமும் தினமும் காய்ந்திருக்கிறது. மார்ச் மாதத்துக்குப் பிறகு சூடு காட்ட ஆள் இல்லை, பெட்டி கெட்டது.

இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர்களிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்திருந்தால் நான் இந்தத் தொழிலுக்கே வந்திருக்க மாட்டேன். அதனால் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தேன். திங்கள், நாலு ஐம்பது. செவ்வாய், நாலு நாற்பத்தொன்பது. புதன், நாலு ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலை இல்லை, அன்றைக்குத் திறக்கவில்லை. பிறகு மறுபடியும் திங்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?" என்றார்.

"உங்க சட்டைக்குண்ணே."

அவர் விரலைத் திரையில் வைத்து அந்த வரிசையில் கீழே இறக்கினார். பிறகு, "கடைசியா என்னைக்கு இருக்கு?" என்று கேட்டார்.

தேடிப் பார்த்தேன். மார்ச் ஒன்பது. திறந்தது நாலு ஐம்பத்திரண்டு, மூடியது ஐந்து பதினெட்டு. அதன் பிறகு அக்டோபர்வரை ஒன்றுமே இல்லை.

"அன்னைக்குத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்" என்றார். "அன்னைக்கு அவளுக்கு முடியல. செவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தா. படுன்னு சொன்னேன், சரின்னா. ஒம்போது மணிக்குத் தொழிற்சாலைக்கு ஆள் வந்து கூப்பிட்டாங்க, அப்படியே ஓடினேன். ரெண்டு நாளும் இந்தச் சட்டையோடதான் ஆஸ்பத்திரியில நின்னேன்."

அவர் எழுந்து பெட்டியின் மேலிருந்த சட்டையை எடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார்.

"அன்னைக்கும் சூடாத்தான் இருந்துச்சு தம்பி."

பிறகு அவர் அழுதார். ஐம்பத்தெட்டு வயது ஆள் சத்தம் போட்டு அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், கேட்டது. கதவருகே யாரோ வந்து நின்றார்கள். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. முட்டாள்தனம் என்று சொன்னது அறை முழுக்க இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வரவில்லை, அதனால் சமையலறைக்குப் போய் அவர் பாதியில் விட்ட தேயைக் கலக்கிக் கொண்டுவந்தேன்.

தே ஆறிப்போன பிறகுதான் குடித்தார். குடித்துவிட்டு முகத்தைக் கழுவி வந்து பட்டியலைத் திறக்கச் சொன்னார். கடைசிப் பெயருக்குக் கீழே, திரையில் துடிக்கும் கோட்டைக் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தேன். எந்த விசை எந்த எழுத்து என்று லூர்தம்மாள் ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி மேசையில் ஒட்டியிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் அடித்தார். நான் உதவவில்லை. லூர்தம்மாள், மூன்றாவது லைன். கால் மணி நேரம் ஆனது. பெட்டி ஒரு தடவையும் நிற்கவில்லை.

சட்டை மாட்ட மேசைக்கு எதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு, அச்செடுத்த தாள்களைப் போகிற வழியில் சோஃபியாவிடம் கொடுத்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி நானும் போனேன். எதற்குப் போனேன் என்று குமுதா கேட்டாள், வேனில் ஒரு சத்தம் கேட்கிறது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். கடைசி வரிசையில் நின்றேன். சோஃபியா பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள், வெகு நேரம் பிடித்தது. முந்நூற்றுப் பதின்மூன்றாவது பெயருக்கு அகஸ்டின் அண்ணன் தலையைக் குனிந்தார், அவ்வளவுதான். முடிந்து வெளியே வந்தபோது பனி மூடி எதிரே இருந்த தேயிலை மலையே தெரியவில்லை. நீலச் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் எப்போதும் சொல்வதையே சொல்லி வைப்போம் என்று, "இந்த வருஷம் குளிர் அதிகம்தாண்ணே" என்றேன்.

"இல்ல தம்பி" என்றார். "எப்பவும் இருக்குற குளிர்தான்."